வரைபடத்தில் எண்களை நம்புவோம்: கணினிவழி வரைதலில் முதல் அடிகள்

கணினியில் வரைவது என்றதும் நம்மில் பலருக்கும் 'பெயின்ட்' மென்பொருள்தான் நினைவுக்கு வரும். அதில் ஒரு கோடு இழுத்தால் திரையில் வண்ணப் புள்ளிகள் வரிசையாக நிரம்பும். அந்தக் கோட்டின் நீளம் என்ன என்று கேட்டால் பெயின்டிடம் பதில் இல்லை. 'கேட்' எனப்படும் கணினிவழி வரைதல் மென்பொருள் வேறு வகை. அது கோட்டைப் படமாக வைத்திருப்பதில்லை. தொடக்கப்புள்ளி இது, முடிவுப்புள்ளி இது என்று இரண்டு சோடி எண்களாக வைத்திருக்கிறது. நாம் திரையில் காண்பது அந்த எண்களின் தோற்றம் மட்டுமே. புதிதாகத் தொடங்குவோர் படும் சிரமங்களில் பெரும்பாலானவை, கேட் மென்பொருளைப் பெயின்ட் போலக் கையாளுவதால் வருபவை.

கணிதப் பட்டதாரி ஆசிரியரான எனக்கு இது தற்செயலாகக் கிடைத்த நல்ல கருவி. ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலும் எட்டாம் வகுப்புச் செய்முறை வடிவியலும் இதற்குள் அப்படியே இருக்கின்றன. நாங்கள் பயன்படுத்துவது லிப்ரெகேட். இலவசமானது, இருபரிமாண வரைபடங்களுக்கு மட்டுமானது, பழைய கணினியிலும் ஓடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது. பொறியியல் நிறுவனங்களில் புழங்கும் ஆட்டோகேட் மென்பொருளையும் கல்வி உரிமத்தில் பெறலாம். ஆனால் பள்ளி அளவில் அதன் பெரும்பகுதி நமக்குத் தேவைப்படாது. உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் எதையும் நிறுவும் முன் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

உண்மை அளவில் வரையுங்கள்

இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தாளில் வரையும்போது 6 மீட்டர் சுவரை 12 சென்டிமீட்டராகச் சுருக்கிக்கொண்டுதான் பென்சிலை எடுப்போம். கேட் மென்பொருளில் சுருக்க வேண்டியதில்லை. சுவர் 6100 மில்லிமீட்டர் என்றால் 6100 என்றே தட்டச்சு செய்யுங்கள். திரை எவ்வளவு பெரியது என்ற கவலை வேண்டாம். உள்ளே இருக்கும் தளத்திற்கு எல்லை கிடையாது. அளவுத்திட்டம் என்ற பேச்சு அச்சிடும்போதுதான் வர வேண்டும்.

அதற்கு முன் 'ஆப்ஷன்ஸ்' பட்டியில் உள்ள 'கரன்ட் டிராயிங் பிரிஃபரன்சஸ்' பகுதியில் அலகை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் அளவு நாடாவின் ஒரு பக்கம் அங்குலத்தையும் மறுபக்கம் சென்டிமீட்டரையும் கலந்து எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரே பக்கத்தைப் பயன்படுத்தச் சொல்லிவிடுவது நல்லது.

கோடு வரையும் கருவியை எடுத்ததும் சுட்டியால் சொடுக்காமல் கட்டளைப் பெட்டியில் எண்களைத் தரலாம். 0,0 என்று தந்தால் ஆதிப்புள்ளி. அடுத்து @6100,0 என்றால் 'இப்போது நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் 6100' என்று பொருள். @ குறியை விட்டுவிட்டால் ஆதிப்புள்ளியிலிருந்து கணக்கிடும். தொடக்கநிலையில் கோடுகள் எங்கோ ஓடுவதற்கு இந்த ஒரு குறிதான் காரணம். @3000<90 என்றால் 90 பாகைத் திசையில் 3000. கோணம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணப்படும். இதைக் கரும்பலகையில் நான்கு சதுரம் போட்டு விளக்கிவிட்டு ஆய்வகத்திற்கு அழைத்துப் போனால், கால்மணி நேரத்தில் குழந்தைகள் நம்மை முந்திவிடுகிறார்கள்.

செவ்வகம் என்று நம்பிய வகுப்பறை

முதல் பயிற்சியாக அவரவர் வகுப்பறையையே வரையச் சொல்வேன். நீளம், அகலம் இரண்டை மட்டும் அளந்து செவ்வகம் போட்டுவிட்டால் பயிற்சி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கற்பதற்கும் ஒன்றும் இராது. ஆகவே நான்கு சுவர்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்கிறேன். எங்கள் எட்டாம் வகுப்பறையில் கிடைத்த உள் அளவுகள், மில்லிமீட்டரில்: தெற்குச் சுவர் 6100, மேற்கு 6080, கிழக்கு 6120, வடக்கு 6115. தென்மேற்கிலிருந்து வடகிழக்கு வரை மூலைவிட்டம் 8680. தென்கிழக்கிலிருந்து வடமேற்கு வரை 8580. செவ்வகமாக இருந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டுமே! நூறு மில்லிமீட்டர் வேறுபாடு. ஒரு மாணவன் நாடாதான் தவறு என்று அடித்துச் சொன்னான். இரண்டாம் முறை அளந்தும் அதே எண்கள் வந்தன.

இப்படிப்பட்ட அறையை எப்படி வரைவது? நாற்கரம் வரையும் பாடம் இங்கே வேலைக்கு வருகிறது. தெற்குச் சுவரை 6100-க்கு வரைந்துகொள்ளுங்கள். தென்மேற்கு மூலையை மையமாக வைத்து 6080 ஆரத்தில் ஒரு வட்டம், தென்கிழக்கு மூலையை மையமாக வைத்து 8580 ஆரத்தில் ஒரு வட்டம். இரண்டும் சந்திக்கும் இடம் வடமேற்கு மூலை. அதேபோல் தென்கிழக்கிலிருந்து 6120, தென்மேற்கிலிருந்து 8680. சந்திக்கும் இடம் வடகிழக்கு மூலை. இரு வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டும் என்பதையும், சுவருக்குக் கீழே உள்ள வெட்டுப்புள்ளி ஏன் நமக்கு வேண்டாம் என்பதையும் மாணவர்களே சொல்லட்டும்.

வடக்குச் சுவரின் அளவை நாம் இதுவரை பயன்படுத்தவே இல்லை. அதுதான் சோதனை. இரண்டு மூலைகளையும் இணைத்துவிட்டு மென்பொருளை அளக்கச் சொன்னால் 6109.8 என்று காட்டியது; நாடாவில் 6115. ஆறு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் பிசகு என்பது குழந்தைகள் பிடித்த நாடாவுக்கு மிக நல்ல அளவு. கவராயம் வைத்து நோட்டில் வரையும்போது இந்த வேறுபாடு பென்சில் முனையின் தடிமனுக்குள் மறைந்துபோகும்.

சுவரின் தடிமனுக்கு இணைகோடு வரையும் கருவி இருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவருக்கு 230 என்று தந்து வெளிப்பக்கம் சொடுக்கினால் போதும்.

தொட்டது போலத் தெரிவது தொட்டதல்ல

இரண்டு கோடுகள் மூலையில் சேர்ந்திருப்பது போலவே இருக்கும். சுட்டியின் உருளையை உருட்டிப் பெரிதாக்கினால் நடுவில் இடைவெளி வாய் பிளந்து நிற்கும். கண்ணால் பார்த்து இணைத்ததன் விளைவு இது. பிறகு அந்த அறைக்குள் நிரப்புக்கோடு போட முயன்றால் மென்பொருள் மறுக்கும். பரப்பளவும் தவறாக வரும்.

இதற்காகவே 'ஸ்னாப்' வசதி உள்ளது. முனை, நடுப்புள்ளி, மையம், வெட்டுப்புள்ளி ஆகியவற்றின் அருகே சுட்டியைக் கொண்டுபோனாலே அது துல்லியமாக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இது புதிய வசதி அன்று. 1963-இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்ற முன்னோடி நிரலிலேயே ஒளிப்பேனா அருகிலுள்ள கோட்டையும் புள்ளியையும் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. எல்லா ஸ்னாப்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். எதைப் பிடிப்பது என்று சுட்டி தடுமாறும். முனை, வெட்டுப்புள்ளி இரண்டும் தொடக்கத்தில் போதும்.

இன்னும் சில சிறு செய்திகள். எந்தக் கருவியிலிருந்தும் வெளியேற எஸ்கேப் விசை. படம் திடீரென்று காணாமல் போனால் அழிந்துவிட்டதாகப் பதற வேண்டாம். 'ஆட்டோ ஜூம்' பொத்தானை அழுத்தினால் மொத்தப் படமும் திரைக்குத் திரும்பும். சுவர், கதவு, அளவு, எழுத்து ஆகியவற்றுக்குத் தனித்தனி அடுக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிபுகும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றதுதான். வேண்டாததை மறைத்துவிட்டு வேலை செய்யலாம். வரைவதற்கு முன் சரியான அடுக்கைத் தேர்ந்துகொண்டால் பின்னர் மாற்றும் வேலை மிச்சம். கோப்பை டி.எக்ஸ்.எஃப். வடிவில், தேதியோடு பெயரிட்டுச் சேமியுங்கள்.

சாய்தளத்தை வரைந்த கதை

கற்றதை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி எங்கள் பள்ளியில் தானாகவே வந்தது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளியில் சாய்தளம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் பின்னால் நின்று தள்ளினால்தான் அவளால் ஏற முடிந்தது. இறங்கும்போது பார்ப்பவர்களுக்கே பயமாக இருக்கும்.

எட்டாம் வகுப்பினர் அதை அளந்தார்கள். தாழ்வாரத்தின் உயரம் 450, சாய்தளத்தின் கிடைநீளம் 2400. பக்கத்தோற்றத்தை வரைந்து கோணத்தைக் கேட்டபோது 10.6 பாகை என்றது. நம் நாட்டு அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்லும் சரிவு 1-க்கு 12, அதாவது 4.8 பாகைக்கும் சற்றுக் குறைவு. 450 உயரத்திற்கு 5400 நீளம் வேண்டும். இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

வெறும் கணக்காக இருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். தாழ்வாரத்தின் முன்னால் கொடிக்கம்ப மேடை வரை 4600 மட்டுமே இடம் இருந்தது. வரைபடத்தில் சாய்தளத்தை நேராக வைத்தால் மேடையில் மோதியது. அதனால் இரண்டாகப் பிரித்தார்கள்: 2700 நீளம், பிறகு 1500-க்கு 1500 சமதளம், அங்கிருந்து செங்குத்தாகத் திரும்பி மீண்டும் 2700. முன்பக்கம் எடுத்துக்கொள்ளும் இடம் 4200. பொருந்தியது.

சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 விட்டமுள்ள வட்ட இடம் தேவை. அந்த அளவில் ஒரு வட்டம் வரைந்து, அதைத் தனி அடுக்கில் வைத்து, வரைபடம் முழுவதும் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். சுட்டியைப் பிடித்தவள் அந்த ஆறாம் வகுப்பு மாணவிதான். சாய்தளத்தின் மேல்முனையில் வட்டம் தூணில் இடித்தது. "அந்தத் தூண்கிட்ட என்னால திரும்ப முடியாது டீச்சர். எப்பவும் பின்னாடி போய்த்தான் வருவேன்" என்றாள். அவள் நாள்தோறும் செய்துகொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனித்ததில்லை. மேல்முனையை அடுத்த தூணிடைவெளிக்கு மாற்றினார்கள். தாளில் வரைந்திருந்தால் முழுப் படத்தையும் மீண்டும் வரைய வேண்டும். இங்கே எல்லாவற்றையும் தேர்ந்து நகர்த்த ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

அளவுகளும் அச்சும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்ட அச்சுப்படி தேவைப்பட்டது. தொடக்கநிலையாளர்கள் அதிகம் திணறும் இடம் இது. உண்மை அளவில் வரைந்த படத்தில் 3 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் போட்டால் அது சுவரில் ஒட்டிய எறும்பு போலத்தான் இருக்கும். 1-க்கு 50 என்ற அளவுத்திட்டத்தில் அச்சிடப் போகிறோம் என்றால், தாளில் 3 மில்லிமீட்டர் தெரிய வேண்டிய எழுத்தின் உயரத்தை 150 என்று தர வேண்டும். அளவுக்கோடுகளுக்கு அதே அமைப்புப் பகுதியில் 'ஜெனரல் ஸ்கேல்' என்ற இடத்தில் 50 என்று தந்தால் அம்புக்குறிகளும் எண்களும் ஒருசேரப் பெரிதாகும்.

அளவுக்கோட்டில் வரும் எண்ணை மென்பொருளே எழுதட்டும். அதை அழித்துவிட்டு நமக்கு வேண்டிய எண்ணைத் தட்டச்சு செய்ய வழி உண்டு. அந்த வழியை மாணவர்களுக்கு நான் காட்டுவதில்லை. 2700 வர வேண்டிய இடத்தில் 2693 வந்தால், திருத்த வேண்டியது கோட்டை.

அச்சு முன்னோட்டத்தில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நீக்கிவிட்டு 1:50 என்று தேர்ந்தெடுங்கள். நம் வகுப்பறை சுவர்களோடு ஏறக்குறைய 6560. தாளில் 131 மில்லிமீட்டர். 210 அகல ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். பி.டி.எஃப். ஆக்கிக் கணினி மையத்தில் அச்செடுத்தால் அங்கே அவர்கள் தாளுக்கேற்பச் சுருக்கிவிடுவது வழக்கம். அதற்கு ஒரு காப்பு: படத்தின் ஓரத்தில் 5000 நீளத்தில் ஒரு கோடு வரைந்துவிடுங்கள். தாளில் அது சரியாக 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.

கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் வேலைக்கு வந்த கொத்தனார் படத்தைப் பார்த்துவிட்டு, "மில்லி எல்லாம் வேணாம்மா, அடியில சொல்லுங்க" என்றார். நியாயமான கேட்பு. 2700 என்பது 8 அடி 10 அங்குலத்திற்குச் சற்று மேல். 1500 என்பது 4 அடி 11 அங்குலம். எதை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று வகுப்பில் ஒரு வாக்குவாதமே நடந்தது. நீளத்தைக் கூட்டினால் சரிவு குறையும், குறைத்தால் கூடும். எனவே 9 அடியும் 5 அடியும் என்று முடிவாயிற்று. முன்பக்கம் மொத்தம் 14 அடி, அதாவது ஏறக்குறைய 4270 மில்லிமீட்டர். கொடிமேடைக்கு இன்னும் ஓரடிக்கு மேல் இடம் மிச்சம். அடி அளவில் இரண்டாவது படி ஒன்று அச்செடுத்து, நெகிழி உறையில் போட்டுக் கொடுத்தோம்.

சாய்தளம் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. கைப்பிடிக் கம்பி இன்னும் பொருத்தவில்லை. அதன் பக்கத்தோற்றத்தைத்தான் இந்த வாரம் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.