விலங்குச் சித்திரங்களும் ஆங்கிலச் சொற்களும்



ஆங்கிலம் என்றதும் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர்க்கு உள்ளத்தில் எழுவது ஆசையன்று, அச்சமே. சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று குறிக்கும் வழக்கு உண்டு. ஏந்தத் தெரிந்தவன் வெட்டுவான். தெரியாதவன் வெட்டுண்பான் என்பது அதன் உட்பொருள். தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் வேறன்று. இலக்கண வினாக்களுக்கு நிறைந்த புள்ளி பெறும் மாணவன், "குடையை எடுத்து வா" என்பதை ஆங்கிலத்திற் சொல்ல நா எழாது நிற்பதைப் பாடசாலைகளிற் காண்கின்றோம். சிறுவர் விரும்பிப் பார்க்கும் விலங்குச் சித்திரப் படங்கள் இக்குறையை எவ்வளவு நீக்கும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

விலங்குகளைக் கொண்டு மொழி பயிற்றுவது புதியதன்று. 1658ஆம் ஆண்டில் கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர், பிள்ளைகளுக்கெனப் படங்கள் நிறைந்த இலத்தீன் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் எழுத்தொலிகளைக் கற்பிக்க அவர் துணைக்கு அழைத்தவை காகம், ஆட்டுக்குட்டி முதலிய உயிர்களின் குரல்களே. கண் காணும் பொருளும் செவி கேட்கும் ஒலியும் ஒருங்கே வருமாயின் சொல் மனத்திற் பதியும் என்பது அவர் கண்ட உண்மை. கார்ட்டூன் எனப்படும் சித்திரப் படம் அவற்றோடு அசைவையும் சேர்த்துத் தருகின்றது.

ஆயினும் எல்லாக் கார்ட்டூன்களும் மொழியாசான் ஆகமாட்டா. 1940இல் தோன்றிய 'டொம் அன்ட் ஜெரி'யிற் பூனையும் எலியும் பெரும்பாலும் பேசுவதில்லை. துரத்தலும் இசையுமே கதையை நடத்துகின்றன. அங்கே சிரிப்பு மிகும், சொல் மிகாது.

2004இற் பிரித்தானியாவில் தொடங்கிய 'பெப்பா பிக்' இதனின்றும் வேறானது. நெவில் அஸ்ட்லி, மார்க் பேக்கர் என்னும் இருவர் படைத்த இத்தொடரில் ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ ஐந்து நிமிடமே. பெப்பா என்னும் பன்றிக்குட்டி, அதன் தம்பி ஜோர்ஜ், தாய் தந்தையர், ஆடும் முயலுமாகிய தோழியர் ஆகியோரின் அன்றாட வாழ்வே கதை. நடப்பதை ஒரு குரல் எடுத்துரைக்க, பாத்திரங்கள் அச்சொற்களையே மீண்டும் வழங்குகின்றன. சேற்றுக்குட்டையில் பெப்பா துள்ளும்பொழுது 'ஜம்ப்' என்பதற்கும், அதற்குமுன் அணிய வேண்டிய 'பூட்ஸ்' என்பதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை, காட்சியே பொருளுரைக்கின்றது. பன்றிப் பாத்திரம் தம் இல்லத்திற்கு ஒவ்வாது எனக் கருதுவோர்க்கு, 2014இல் தொடங்கிய 'பிங்' என்னும் முயற்குட்டியின் தொடர் உண்டு.

இதனாற் செவிக்கு வரும் நன்மை பெரிது. பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், பெரிது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'பிக்' என்றே வரும். வெவ்வேறான அவ்விரு முதலொலிகட்கும் நம்மிடம் வரிவடிவம் ஒன்றே. உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதி மனனஞ் செய்யும் பிள்ளை இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறியும்? பலமுறை கேட்ட செவியே அதனைப் பிரித்தறியும்.

அங்ஙனமாயின் பிள்ளையைத் திரையின்முன் அமர்த்திவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாமோ எனின், ஆகாது. அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. சீனமொழி பேசுவோர் நேரில் உடனிருந்து விளையாடிப் பேசியபோது, குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை உணர்ந்தன. அவர்களைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகள் உணரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கைக்குழந்தைகள் அல்லரெனினும், மறுமொழி சொல்ல ஒருவர் அருகிருத்தல் வேண்டும் என்னும் பாடம் அவர்க்கும் பொருந்தும்.

பிறநாட்டுக் கதை அந்நாட்டு வாழ்வையும் உடன்கொணரும் என்பதும் நினைவிருக்கட்டும். சிலந்தி தீங்கு செய்யாது எனக் கூறும் பெப்பாவின் கதையொன்றை, நச்சுச் சிலந்திகள் வாழும் அவுஸ்திரேலியாவின் தேசிய ஒளிபரப்பு நிறுவனம் 2012இல் விலக்கிவைத்தது. எலிக்காய்ச்சல் பரவும் நம் நாட்டிலும் சேற்றுக்குட்டையிற் குதிக்கும் சொல்லைக் கற்கலாம். செயலைப் பின்பற்ற வேண்டியதில்லை.

கைக்கொள்ளத்தக்க முறை எளிது. நாளொன்றுக்கு ஒரு கதை போதும். முதன்முறை இடையூறின்றிப் பார்க்கட்டும். மறுமுறை இடையிடையே நிறுத்தி, "இப்பொழுது என்ன செய்கிறது?" என்று வினவுங்கள். மூன்றாம் முறை ஒலியை அடக்கிவிடுங்கள். பிள்ளையே கதை சொல்லட்டும். அதன்பின் ஐந்தாறு சொற்களை அன்றே வீட்டிற் புழங்கவிடுங்கள். மழை வந்தாற் குடைக்கும், உண்ணும்போது கரண்டிக்கும், வெளியே புறப்படுகையிற் சப்பாத்துக்கும் அச்சொற்கள் வரட்டும்.

"எமக்கு ஆங்கிலம் வாராதே" எனத் தாய்மார் தயங்க வேண்டியதில்லை. தமிழிலேயே வினவுங்கள், விடையை ஆங்கிலத்திற் பிள்ளை சொல்லட்டும். அன்னைக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்த பிள்ளை, அச்சொல்லை வகுப்பில் உரக்கச் சொல்ல அஞ்சாது.