குடிக்காத வீட்டிலிருந்து ஒரு மதுசார ஆய்வாளர்

"நம் வீட்டில் ஒருவரும் தொடாத ஒன்றைப் பற்றி என் மகள் ஏன் நாலு வருஷம் படிக்க வேண்டும்?" காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓர் உம்மா இப்படிக் கேட்டால் அதில் பிழையில்லை.

வாவியின் எந்தக் கரையிலும் இதற்குப் பதில் கிடைக்கும். குடிப்பவர் ஒருவர். அடி வாங்கும் மனைவி, படிப்பை நிறுத்திய பிள்ளை, கடன் கொடுத்த கடைக்காரர், இரவில் வீதியில் மோதுண்டவர் ஆகியோர் பெரும்பாலும் குடிக்காதவர்கள். பிறர் குடிப்பதால் மற்றவருக்கு நேரும் தீங்கை உலக சுகாதார ஸ்தாபனம் தாய்லாந்து அமைப்பொன்றுடன் சேர்ந்து பல நாடுகளில் ஆராய்ந்தது. அவற்றில் இலங்கையும் ஒன்று. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டு வன்முறைக்கும் தகப்பனின் குடிக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அந்தப் பிள்ளைகள் யுத்தத்தையும் சுனாமியையும் கண்டவர்கள்.

சரி, இதை ஆராய வெளியிலிருந்து யாராவது வரலாமே? வரலாம். ஆனால் கேள்வித்தாளோடு வீட்டு வாசலில் நின்று பாருங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்துக் கேள்விப் பட்டியலுக்கு மொத்தம் 40 புள்ளிகள். 8 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. "ஒரு தடவையில் எத்தனை அளவு குடிப்பீர்கள்?" என்பது அதில் ஒரு கேள்வி. அளவு என்றால் ஏறத்தாழ 10 கிராம் மதுசாரம். நம் ஊரில் யார் கிராமில் பேசுகிறார்? கால் போத்தல் என்பார்கள். 180 மில்லிலீட்டர் சாராயத்தில் மதுசாரம் 33.5 வீதம் என்றால் சுமார் 48 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து அளவு. "கொஞ்சம்தான்" என்ற பதிலுக்குள் இந்த ஐந்தும் ஒளிந்திருக்கும். கசிப்புக்கோ லேபலே கிடையாது. கலால் திணைக்களத்தின் விற்பனைக் கணக்கிலும் அது வராது. புருஷன் திண்ணையில் இருக்கும்போது மனைவி என்ன சொல்வாள், சொல்லாமல் எதை விடுவாள் என்பது ஊர்ப் பேச்சு தெரிந்தவருக்கே விளங்கும்.

வழி எது? 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று மருத்துவமும் தாதியியலும் கற்பிக்கிறார்கள். வைத்தியராகும் பிள்ளை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் சமூக மருத்துவத்தையோ உளமருத்துவத்தையோ தேர்ந்து ஆய்வுக்குள் நுழையலாம். வைத்தியராக இல்லாவிட்டாலும் கதவு மூடவில்லை. சமூகவியல், உளவியல், புள்ளிவிபரவியல் படித்தவர்கள் இத்துறைக்கு மிகவும் வேண்டியவர்கள். முதுமாணி ஆய்வை இங்கேயே, ஊர்த் தரவில் செய்துவிட்டு, கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு பார்ப்பது நல்லது என்பேன். பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசிலை இலங்கையர் பலர் பெற்றிருக்கிறார்கள். சிட்னியில் 1986இல் தொடங்கிய போதைப்பொருள், மதுசார ஆய்வு நிலையம் இத்துறையில் பெயர் பெற்றது.

அமெரிக்காவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கலிபோர்னியாவின் மதுசார ஆய்வுக் குழு, பேர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கலாநிதி மாணவருக்கும் கலாநிதிப் பட்டம் முடித்தவருக்கும் நெடுங்காலமாகப் பயிற்சி அளித்து வந்தது. ஆனால் அந்நாட்டு அரசின் இத்தகைய பயிற்சிப் பணம் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் உரியது. நம் பிள்ளைகள் விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறக் கூடாது. ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் சம்பள உதவியாளராகச் சேரும் வழியைக் கேட்டு எழுத வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்கட்டும். மிதமாகக் குடிப்பது நல்லதா என்று பார்க்க அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஆய்வொன்று 2018இல் நிறுத்தப்பட்டது. பெரும்பகுதிப் பணம் மதுக் கம்பனிகளிடமிருந்து வந்ததும், அதை அதிகாரிகள் கேட்டு வாங்கியதும் வெளியானதே காரணம்.

பெற்றோருக்கு இன்னொன்று. கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சி என்பது இன்னொரு பரீட்சையல்ல. இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு செய்யும் ஆய்வு வேலை அது. "இன்னுமா படிக்கிறாள்?" என்று சொந்தக்காரர் கேட்டால், வேலை செய்கிறாள் என்றே சொல்லலாம்.