ஸ்விட்ச் வாசலில் ஒரு பட்டியல்: தெரியுமா இந்த அதிசயம்?

அலுவலக மூலையில் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறதே நெட்வொர்க் ஸ்விட்ச், அது நொடிக்கு எத்தனை தடவை "யார் நீ?" என்று கேட்க வேண்டியிருக்கும் தெரியுமா? ஒரு ஜிகாபிட் வேகமுள்ள ஒரே ஒரு போர்ட்டில், 64 பைட் ஃபிரேம்களாக அடைத்துக்கொண்டு வந்தால், 14 லட்சத்து 88 ஆயிரம் தடவை! ஃபிரேமின் மேக் முகவரியைப் பார்த்து "உள்ளே போ", "நில்" என்று தீர்ப்புச் சொல்லும் பட்டியல்தான் மேக் ஏசிஎல்.

இத்தனை வேகத்தில் பட்டியலை வரிவரியாகப் படிக்க முடியுமா? படிப்பதே இல்லை! சாதாரண நினைவகத்திடம் "ஐந்தாம் அறையில் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்க முடியும். பல ஸ்விட்ச்சுகளில் இருக்கும் டீகேம் நினைவகத்திடம் "இது எந்த அறையில் இருக்கிறது?" என்றே கேட்கலாம். எல்லா அறைகளும் ஒரே கணத்தில் பதில் சொல்லும். பத்து வரியானாலும் நூறு வரியானாலும் அதே நேரம்தான். அதைவிட அழகு, அங்கே ஒரு பிட் 0 ஆகவோ 1 ஆகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. "எதுவானாலும் சரி" என்ற மூன்றாவது நிலையும் உண்டு!

அந்த மூன்றாவது நிலையை நீங்களே எழுதலாம், தெரியுமா? மேக் முகவரியின் 12 இலக்கங்களில் முதல் ஆறு, ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கிய எண். சிஸ்கோ ஸ்விட்ச்சில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்க் கொடுங்கள்: முதல் ஆறு இடத்தில் 0, அடுத்த ஆறு இடத்தில் எஃப். 0 என்றால் "சரிபார்", எஃப் என்றால் "கண்டுகொள்ளாதே". ஒரே வரியில் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் அடங்கிவிட்டன!

நீங்கள் எழுதாத ஒரு வரியும் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசியில், கண்ணுக்குத் தெரியாமல், "மற்ற யாருக்கும் அனுமதி இல்லை". ஒரே ஒரு பிரிண்டரைத் தடுக்க ஒரு டினை வரி எழுதிவிட்டு, "பெர்மிட் எனி எனி" போட மறந்தால், அந்தப் போர்ட்டில் யாருக்கும் பெர்மிட் இல்லை.

இனி வருவதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960, 3560 போன்ற ஸ்விட்ச்சுகளில், போர்ட்டில் மாட்டும் மேக் ஏசிஎல் ஐபிவி4 ஃபிரேம்களைத் தொடவே தொடாது! ஃபிரேமின் வகையைச் சொல்லும் எண்ணான ஈதர்டைப் 0800 என்றால் ஐபிவி4, அது பாட்டுக்குப் போகும். ஆனால் "இந்த ஐபி யாருடையது?" என்று விசாரிக்கும் ஏஆர்பியின் ஈதர்டைப் 0806, அது மாட்டிக்கொள்ளும். விளைவு? நீங்கள் தடுத்த கணினி ஏற்கெனவே தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டே இருக்கும். முகவரி நினைவு காலாவதியான பிறகுதான் ஊமையாகும். தடை போட்டதும் பிங் அடித்துப் பார்த்து "வேலை செய்யவில்லையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்! ஒரு முகவரியை அடியோடு நிறுத்த அதே ஸ்விட்ச்சுகளில் வேறு வழி இருக்கிறது: மேக் முகவரி அட்டவணையில் அதை ஸ்டேட்டிக்காக எழுதி, போர்ட் எண் வர வேண்டிய இடத்தில் "டிராப்" என்று முடித்துவிடலாம்.

பட்டியல் இத்தனை நம்பும் மேக் முகவரிக்கு 48 பிட் போதும் என்று ஜெராக்ஸ் நிறுவனத்தின் யோகன் தலால், ராபர்ட் பிரிண்டிஸ் இருவரும் 1981இல் கட்டுரை எழுதினார்கள். 48 பிட் என்றால் 281 லட்சம் கோடி முகவரிகள்!

ஆனால் முகவரியை மாற்றிக்கொள்ளவும் முடியும். அதனால் மேக் பட்டியலை மட்டும் நம்பி வாசலைத் திறந்து வைக்காதீர்கள், 802.1எக்ஸ் சரிபார்ப்பும் கூடவே இருக்கட்டும். உங்கள் கைபேசியே முகவரியை மாற்றுகிறது, தெரியுமா? ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் வைஃபைக்கு இட்டுக்கட்டிய முகவரியைக் காட்டுவதுதான் வழக்கம். இப்போதே செட்டிங்ஸில் அந்த வைஃபை இணைப்பின் மேக் முகவரியைத் திறந்து பாருங்கள். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றா? அப்படியானால் அது தொழிற்சாலை கொடுத்தது இல்லை!