தக்கை மரத்து நாடு – போர்த்துக்கல்

பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகையை அறிவீர்கள். தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்து எழுப்பிய மாளிகை அது. அதன் உரிமையாளர், ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், 1926-இல் லிஸ்பன் நகரில் காலமானார், வேலையும் நின்றுபோனது. அந்த லிஸ்பனைத் தலைநகராகக் கொண்ட போர்த்துக்கல் நாட்டைப் பற்றி இன்று அறிவோம்.

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் உள்ளது இந்நாடு. வடக்கிலும் கிழக்கிலும் ஸ்பெயின். மேற்கிலும் தெற்கிலும் அட்லாண்டிக் பெருங்கடல். பரப்பு சுமார் 92,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடி, பெரும்பாலோர் கத்தோலிக்கர். உப்பிட்டு உலர்த்திய கோட் மீன் அவர்கள் விரும்பும் உணவு. பிரிவின் ஏக்கத்தைப் பாடும் ‘ஃபாடோ’ அவர்தம் இசை.

உலகத் தக்கையில் பாதியளவு இங்கிருந்தே கிடைக்கிறது. நாம் பால்மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தோம். அவர்களோ பட்டையையே உரித்தெடுக்கின்றனர். முதல் பட்டை உரிக்க 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பின்னர் 9 ஆண்டுகளுக்கு ஒரு முறையே உரிக்கலாம். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே எழுதிவைப்பர். கோடரி ஆழப் பதிந்தால் மரம் கெடும். பால் வெட்டிய உங்கள் பாட்டியைக் கேளுங்கள். அவர் கத்திக்கும் அதே கட்டுப்பாடுதான்.

போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் போரிட்டுப் பிடித்தனர். 1641-இல் டச்சுக்காரரிடம் இழந்தனர். தமிழகக் கரைக்கும் அவர்கள் வந்தவர்களே. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவை அவர்கள் மொழியிலிருந்து வந்த சொற்கள். கோட்டை கைமாறியது, சொற்களோ நம் வீட்டில் தங்கிவிட்டன. இன்று மாலை வீட்டுக் கதவைத் திறக்கையில், கையிலுள்ள சாவி வந்த வழியை எண்ணிப் பாருங்கள்.