கார்த் திறப்பின் கோதை நாமே மாற்றலாம்

கார்த் திறப்பின் கோது வெடித்து, பொத்தான்கள் கிழிந்துவிட்டால் புதுத் திறப்புக்குப் பெருந்தொகை கேட்பார்கள். உள்ளே பழுதில்லையென்றால் வெறுங்கோதை மட்டும் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம்.

பொத்தான்களும் உள்ளமைப்பும் ஒத்த கோதையே வாங்குவோம். பழையதை விளிம்பில் மெதுவாக நெம்பித் திறந்து, மின்தகட்டையும் பற்றரியையும் அப்படியே புதியதில் வைப்போம். உலோக அலகு கழராவிட்டால், திறப்பு வெட்டுபவரிடம் புதியதை வெட்டுவிக்கலாம்.

முக்கியமானது சிப். கனடாவில் 2007 செப்டெம்பர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். பல திறப்புகளில் அதற்குரிய சிப் சிறு துண்டாகக் கோதின் மூலையில் தனியே இருக்கும். அதை எறிந்துவிட்டால் கார் இயங்காது. ஆகவே காரை இயக்கிப் பார்த்த பின்னரே பழைய கோதை எறிவோம்.

கழற்றிய பற்றரி பிள்ளைகளின் கையில் அகப்படக்கூடாது. விழுங்கினால் உயிராபத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.