37-வது படம்

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், "பொண்ணு எப்படி?" என்று வீட்டில் கேட்பார்கள். போன மாதம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஏ.ஸி. மண்டபத்துக்குப் போய் வந்தேன். மனைவி கேட்டாள். "பொண்ணைத் தெரியலை. வீடியோகிராபர் முதுகு நல்லா இருந்துச்சு. நீலக் கலர் டீ-ஷர்ட்" என்றேன்.

நிஜம்தான் ஸார்! மேடையில் நாலு பேர். ஒருவர் சாதா போட்டோ, ஒருவர் கேண்டிட் போட்டோ, ஒருவர் வீடியோ, நாலாமவர் கேமராவைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பின்னோக்கி நடக்கிறவர். தாலி கட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தில் நாலு முதுகும் ஒன்று சேர்ந்தன. கல்யாணத்தை நான் பக்கத்தில் இருந்த எல்.இ.டி. திரையில்தான் பார்த்தேன். அட்சதையை எங்கே போடுவது என்று தெரியாமல், முன்வரிசையில் வழுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்குப் போட்டுவிட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. அக்கா பெண்ணுக்கு வரும் தை மாதம் கல்யாணம். ரிசப்ஷன் சேலத்தில் மண்டபத்தில். முகூர்த்தம் ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு. போட்டோ இலாகா தாய்மாமனான என்னிடம். பெண் சொல்லிவிட்டாள்: "மாமா, யாரும் விறைப்பா நிக்கக்கூடாது. எல்லாம் இயல்பா, அழகா இருக்கணும்." அவளுடைய அப்பா, அதாவது என் மச்சான், சொல்லிவிட்டார்: "ஒரம்பரை ஒருத்தர் விடாம குரூப் போட்டோ வேணும்." இரண்டுக்கும் நடுவில் நான்.

சேலத்துக்காரனுக்குக் கேமரா புதுசு இல்லை. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு ரோட்டில் இருந்த ஊர் இது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டுமே அவர்கள் தயாரிப்பு. ஸ்டூடியோ போய்விட்டது. முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால், எல்லாரும் ஏதோ விசாரணைக்குக் கூப்பிட்ட மாதிரி நிற்கிறார்களே, ஏன்?

நான் பி.காம். எதையும் கணக்காகப் போட்டால்தான் புரியும். யாஷிகா மாதிரி இரட்டைக் கண் கேமராவில் போடும் 120 ரோலில் சதுரமாக 12 படம். 35 எம்.எம். ரோல் என்றால் 36. ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல் என்றால் மொத்த பட்ஜெட் 144 படம். யாராவது கண் சிமிட்டினால் நேரடி நஷ்டம். டெவலப் பண்ணுகிற வரை அந்த நஷ்டம் தெரியக்கூடத் தெரியாது. அதனால்தான், "அசையாதீங்க, மூச்சு விடாதீங்க" என்று அதட்டினார்கள். விறைப்புக்குக் காரணம் கூச்சம் பாதி, ஃபிலிம் விலை பாதி.

இப்போது ஃபிலிம் செலவு கிடையாது. 2012-ல் கோடாக் கம்பெனியே திவால் மனு போட்டது. ஒரு கல்யாணத்துக்கு 5,000 படம் எடுக்கிறார்கள். தாராளமாக மூச்சு விடலாம். அப்படியானால் எல்லாரும் இயல்பாகிவிட்டார்களா? இல்லை. இப்போது, "இயல்பா இருங்க!" என்று அதட்டுகிறார்கள். "மேடம், ஸார் காதுல ஏதோ ஜோக் சொன்ன மாதிரி சிரிங்க... இல்ல, இன்னும் கொஞ்சம் கம்மியா சிரிங்க." ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து தலை பின்னிக்கொண்ட பெண் என்ன ஜோக் சொல்லுவாள், பாவம்!

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு போட்டோகிராபர் நண்பர் இருக்கிறார். அப்பா காலத்திலிருந்து ஸ்டூடியோ. (பேர் போடாதே என்றார். போட்டால் சொந்தக்காரர்கள் ரேட்டைக் குறைக்கச் சொல்லுவார்களாம்.) வேலையை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று, இரண்டு கல்யாணங்களுக்கு அவர் கூடப் போனேன். பதவி: குடை பிடிப்பவர். மழைக்கு அல்ல, லைட்டுக்கு.

முதலாவது சேலம் மண்டபம். போனதும் அவர் கேமராவைத் தொடவில்லை. நேராக லைட்காரரிடம் போனார். மேடையில் ஊதா விளக்கு. அதில் மாப்பிள்ளையின் முகம் முற்றிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது. "அண்ணா, தாலி கட்டற பத்து நிமிஷம் மட்டும் இந்த ஊதாவை நிறுத்திக் குடுங்க" என்று கெஞ்சி ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். "பாதி வேலை முடிஞ்சுது" என்றார் என்னிடம்.

மீதி வேலை வேட்டி. சேலம் வெண்பட்டு இருக்கிறதே, கட்டினால் கம்பீரம்; போட்டோவில் அது ஒரு தலைவலி. வேட்டிக்குப் பார்த்து வெளிச்சத்தை வைத்தால் நம்மூர் முகம் கரியாகிவிடும். முகத்துக்குப் பார்த்து வைத்தால் வேட்டி சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும், ஜரிகை எல்லாம் காணாமல் போகும். நேராக ஃப்ளாஷ் அடித்தால் இரண்டும் போச்சு. அதனால் அவர் ஜன்னல் தேடுகிறார். மணப்பெண் அறையில் கிழக்கே ஒரு ஜன்னல் இருந்தது. ஆறு மணிக்கு அதன் பக்கத்தில் பெண்ணை உட்காரவைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்தாள் அவள் பாட்டி. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கதவோரம் நின்று நாலே நாலு படம் எடுத்தார். கோடி ரூபாய் மேடை அலங்காரத்தை விட அந்த ஜன்னல் படம்தான் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது, பரமத்தி வேலூர் பக்கம் தென்னந்தோப்பில். அங்கே வேறு தொல்லை. தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் வெயில் ஓட்டை ஓட்டையாக இறங்கும். மேலே அழகு, முகத்தில் விழுந்தால் சிறுத்தைப் புள்ளி. துணிப் பந்தல் என்றால் சிவப்புத் துணிக்கு அடியில் எல்லாரும் கோபமாக இருப்பது போலத் தெரிவார்கள். நண்பர் ஆட்களைப் பந்தலின் ஓரத்துக்குக் கொண்டு வருகிறார். பாதி நிழல், எதிரே திறந்த வானம். அதற்கும் "இங்க வாங்க" என்று கூப்பிடுவதில்லை. நாற்காலிகளை முதல்நாள் ராத்திரியே அங்கே நகர்த்திப் போட்டுவிடுகிறார்! ஆள் தானாக வந்து உட்காருகிறது.

கொங்குக் கல்யாணத்தில் ஒரு வசதி. நாட்டுக்கல் சீர், உருமால் கட்டு, இணைச்சீர் என்று சீர்கள் வரிசையாக வரும். நடத்திவைப்பவர் அருமைக்காரர். குடிமகன் மங்கல வாழ்த்துப் பாடுவார். அது கம்பர் பாடிக் கொடுத்தது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இந்தச் சீர்கள் நடக்கும்போது யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. அருமைக்காரரைப் பார்க்கிறார்கள், தப்புச் செய்தால் திட்டுவாரே என்று! மாப்பிள்ளையின் தங்கை இணைச்சீரில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யணும் என்று முழித்தாள் பாருங்கள்... அந்த முழியை எந்த டைரக்டரும் சொல்லிக் கொடுக்க முடியாது.

மாப்பிள்ளை வீட்டு வீடியோக்காரத் தம்பி மட்டும் ஒரு இடத்தில், "தாத்தா, கேமராவுல சரியா விழலை, மறுபடி ஒருக்கா பண்ணுங்க" என்றான். அருமைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு, கண்ணாலத்த ரெண்டு தடவை பண்ற பழக்கம் நம்மள்ல இல்லீங்க."

சொல்லாமல் கொள்ளாமல் படம் எடுக்கும் இந்தக் கலைக்குப் பெரியவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுக்காரர், ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். சின்ன லைக்கா கேமரா, ஃப்ளாஷ் பிடிக்காது, ஆளை நிறுத்திவைக்க மாட்டார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், 1950 ஏப்ரலில், அவர் திருவண்ணாமலையில் இருந்தார். நம்மூரிலிருந்து ஒரு பகல் பயண தூரம். இதை நண்பரிடம் சொன்னேன். "அவருக்கு என்னங்க, மாமனார் வீட்டுக்கு ஆல்பம் போடற வேலை இல்லையே" என்றார்.

அவர் குரூப் போட்டோவுக்கு எதிரி அல்ல என்பது அப்புறம்தான் தெரிந்தது. "வாரத்துல ஒருத்தராவது ஸ்டூடியோவுக்குப் பழைய கல்யாண ஆல்பம் கொண்டுட்டு வர்றாங்க. 'இதுல ஓரத்துல நிக்கறது எங்க அம்மாயி. நேத்து தவறிட்டாங்க. இந்த முகத்தை மட்டும் பெருசு பண்ணிக் குடுங்க'ன்னு. அந்த அம்மாவுக்கு வேற படமே இருக்காது. கேண்டிட்ல ஓரத்துல நிக்கறவங்க விழ மாட்டாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும்தான் விழுவாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

அக்கா கல்யாணம் 1999 வைகாசியில். நான் ஏழாவது முடித்திருந்தேன். அப்பா 2014-ல் காலமானபோது மாலை போட ஒரு படம் தேடினோம். அக்காவின் ஆல்பத்தை நான்தான் கணக்கெடுத்தேன். அப்பா மொத்தம் மூன்று படத்தில். ஒன்றில் குரூப்பில் நிற்கிறார், கண் மூடியிருக்கிறது. ஒன்றில் தாம்பாளம் கொடுக்கிறார், முகத்தை என் பெரிய மாமாவின் முழங்கை மறைக்கிறது. மூன்றாவதில் முதுகு, பந்திக்குச் சாம்பார் வாளி போய்ச் சேர்ந்ததா என்று ஓடுகிறார். பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்தன்று எங்கே இயல்பாக இருக்க முடியும்? அவர் கல்யாணத்தில் இருப்பதே இல்லை, கல்யாணத்துக்குப் பின்னால் இருக்கிறார். கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைத்தான் பெரிசு பண்ணி மாட்டினோம். அதில் இருப்பவர் யாரோ.

இதை நண்பரிடம் சொல்ல, "அந்தக் கல்யாணம் எங்க அப்பா எடுத்ததாச்சே!" என்றார். ஸ்டூடியோப் பரணிலிருந்து பிஸ்கெட் டின்கள் இறங்கின. நெகட்டிவ் உறைகள், பென்சிலில் தேதி. அரை நாள் தேடினோம். நாலாவது ரோலின் கடைசித் துண்டை லைட்டுக்கு எதிரே பிடித்தவர், "இங்க பாருங்க" என்றார்.

36 படம் ரோலில், ஃபிலிமைச் சிக்கனமாக மாட்டினால், முடிவில் இன்னொன்று கிடைக்கும். 37-வது. கணக்கில் வராத வரவு. அந்தப் படத்தில் சமையல் பந்தலுக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அப்பா. தோள் துண்டு மடியில் கிடக்கிறது, கையில் டம்ளர், யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். ஃப்ளாஷ் இல்லை. படம் லேசாக ஆடியிருக்கிறது. அதனால்தான் ஆல்பத்தில் வைக்கவில்லை போல.

உள்ளே ஈஸிசேரில் இருந்த பெரியவரிடம், நண்பரின் அப்பாவிடம், காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். "பொண்ணை அனுப்பிச்சுட்டு வந்து உக்காந்தாருங்க. நான் மூட்டை கட்டிட்டிருந்தேன். 'சாப்பிட்டயா?'ன்னு கேட்டாரு. அன்னிக்கு யாரும் என்னைக் கேக்கலை. ரோல்ல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, எடுத்தேன். இதுக்குக் காசு வாங்கலீங்க" என்றார்.

பெரிசு பண்ணிக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இந்த டம்ளர் நம்முளுது இல்லையே... சமையல்காரங்களோடது" என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

தை கல்யாணத்துக்கு அந்த நண்பரையே பேசிவிட்டேன். காலையில் முதல் வேலையாக எல்லாருக்கும் குரூப், மச்சானுக்காக. அதற்கப்புறம் யாரையும் நிறுத்தக்கூடாது, பெண்ணுக்காக. மேடையில் ஒரு முதுகுக்கு மேல் கூடாது, எனக்காக. முகத்தை அடையாளம் காட்ட என் பையன் அவர் கூடவே சுற்றுவான். இதெல்லாம் சரி என்றார் மச்சான். பத்திரிகை அடிப்பதிலிருந்து பாத்திரம் வாடகை வரை அவர் இப்போதே ஓட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னொண்ணுங்க மச்சான். முகூர்த்தம் முடிஞ்சப்புறம் சமையல் பந்தலுக்குப் பின்னால ஒரு கேமரா நிக்கும்" என்றேன்.

"அங்க எதுக்கு? அதுக்குத் தனி ரேட்டா?" என்றார்.