நூதனசாலைக்கு அண்மையில் ஓர் அறை

நூதனசாலைகளைக் காண்பதற்கென்றே இலண்டன் மாநகர் செல்பவர், வாடகைக் குறைவு ஒன்றையே கருதி நகரின் புறத்தே தங்குவாராயின், களைப்பை விலைகொடுத்து வாங்கியவராவார்.

பிரித்தானிய நூதனசாலை புளூம்ஸ்பரிப் பகுதியில் உள்ளது. இயற்கை வரலாற்று நூதனசாலை, விஞ்ஞான நூதனசாலை, விக்டோரியா அல்பேட் நூதனசாலை ஆகிய மூன்றும் தென் கென்சிங்டனில் அருகருகே அமைந்துள்ளன. இவ்விரு பகுதிகளையும் பிக்கடில்லி என்னும் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை, வண்டி மாறவேண்டாதபடி இணைக்கின்றது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருவதும் அப்பாதையே. ஆதலால் ரசல் சதுக்க நிலையத்துக்கோ தென் கென்சிங்டன் நிலையத்துக்கோ நடைதூரத்தில் விடுதி தேடுதல் நன்று.

இந்நான்கிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமில்லை. எனவே அண்மையில் தங்குபவர் காலையில் சிறிது நேரம் பார்த்து, அறைக்கு மீண்டு இளைப்பாறி, மாலையில் மறுபடியும் செல்லலாம். வெள்ளிக்கிழமைகளில் பிரித்தானிய நூதனசாலை இரவு 8.30 மணிவரை திறந்திருக்கும்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்த பொன்முலாம் பூசிய தாராதேவியின் வெண்கலச் சிலை, 1830 ஆம் ஆண்டில் இந்நூதனசாலைக்கு அளிக்கப்பட்டது. இலங்கையிலிருந்து அத்துணைத் தொலைவு சென்றவர், அதன்முன் சோர்ந்த கால்களோடு நிற்பதும் தெளிந்த கண்களோடு நிற்பதும் தங்குமிடத்தைப் பொறுத்ததே.